கச்சான் கொடியில் வளர்ந்த தடுப்புமருந்து

1987ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஆடுகள் மூலம் இரண்டு நோய்கள் வெளிப்பட்டன. அந்தக் கரையில், தமிழ்நாட்டின் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில், செம்மறிகள் காய்ச்சலும் மூக்கொழுக்கும் கழிச்சலுமாகச் செத்தன. பி.பி.ஆர். எனப்படும் ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது அங்கேதான். இந்தக் கரையில், ஜூலை 29ஆம் திகதி கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இந்திய அமைதி காக்கும் படை வந்திறங்கியது. படையினரின் சாப்பாட்டுக்கென்று உயிரோடு ஆடுகளும் வந்தன. அந்த ஆடுகளோடு மாட்டு வெக்கை நோயும் வந்தது. 1946க்குப் பிறகு இலங்கையில் இல்லாதிருந்த நோய் அது. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கிருமியை அறியாத மாடுகளும் எருமைகளும் வடக்கிலும் கிழக்கிலும் அதற்கு இரையாயின. யுத்தம் நடந்துகொண்டிருந்த மண்ணில் அதைத் துரத்திப் பிடிக்க 1994 வரை சென்றது.

வெக்கையும் ஆட்டுக்கொல்லியும் ஒரே குடும்பத்து வைரசுகளால் வருபவை. மனிதரில் சின்னமுத்தை உண்டாக்குவதும் அந்தக் குடும்பம்தான். அரசூர் நோய் இன்னதென்று கண்டறிந்து எழுதியவர்களுள் ஒருவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலா. 2003இல் அவரும், அதே கழகத்தில் தாவரத் திசு வளர்ப்பில் பேர்பெற்ற ஜி. லக்ஷ்மி சீதாவும், அபா கண்டேல்வால் என்ற ஆய்வாளரும் வேறொரு செய்தியை வெளியிட்டார்கள். வெக்கை வைரசின் புரதமொன்றைக் கச்சான் செடியின் இலையில் விளைவித்து, அந்த இலையை மாடுகளுக்குத் தின்னக் கொடுத்திருந்தார்கள். மாடுகளின் இரத்தத்தில் வெக்கைக்கு எதிரான சக்தி உண்டாகியிருந்தது. ஊசி, போத்தல், ஐஸ் எதுவுமே அதற்குத் தேவைப்படவில்லை.

நான் 1989இல் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராகச் சேர்ந்தவள். வேலைக்காலத்தின் பெரும்பகுதியை நான் பிறந்த கற்பிட்டிக் குடாநாட்டிலேயே கழித்தேன். தடுப்புமருந்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. கெடாமல் கடைசி மாடுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மறுபாதி. இந்த மறுபாதியைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. கச்சான் இலை அதற்கென்றே யோசிக்கப்பட்டது. ஆகவே அதன் வரலாற்றை, மருந்து போய்ச் சேர வேண்டிய ஓர் ஊரில் நின்று சொல்கிறேன்.

உப்புச் சுமந்த மாடுகள்

கற்பிட்டி ஒரு நீண்ட மணல்திட்டு. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இங்குள்ள கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்தார்கள். கண்டி அரசனின் கடல் வணிகம் புத்தளம் வழியாக நடந்தது. களப்பின் வாயில் உட்கார்ந்துகொண்டால் அந்த வணிகம் கைக்குள் வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. புத்தளத்து உப்பும் கருவாடும் தாவள மாடுகளின் முதுகில் உள்நாட்டுக்குப் போயின. திரும்பும்போது அதே மாடுகள் பாக்குச் சுமந்து வந்தன. 1807இல் கற்பிட்டியில் பிறந்து, 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் அகரவரிசையில் தொகுத்து நூலாக்கிய சைமன் காசிச்செட்டி வளர்ந்த உலகம் இந்த உப்பும் தோணியும் தாவளமும்தான்.

வழி நடக்கும் மாடு நோயையும் நடத்திச் செல்லும். வெக்கை வைரஸ் வெயிலில் வெகுநேரம் உயிரோடிருக்காது. நோயுற்ற மாட்டின் மூச்சும் எச்சிலும் சாணமும் பக்கத்து மாட்டைத் தொட்டால்தான் அது பரவும். தாவள மாடுகள் இரவில் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடக்கும், ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்கும். வைரஸ் கேட்பதெல்லாம் அந்த நெருக்கத்தைத்தான். 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பி மாட்டு வண்டிகளில் கொழும்புக்கு இறங்கியபோதும் இதே நிலைமை. வண்டிப் பாதையில் கொள்ளைநோய் புகுந்தால் மூட்டைகள் மலையிலேயே தேங்கிவிடும்.

அந்த நோயில் மாட்டுக்குக் கடும் காய்ச்சல் எழும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாய்க்குள்ளே ஈறும் நாக்கும் புண்ணாகி, பிறகு நிற்காத கழிச்சல் தொடங்கும். ஓரிரு வாரத்துக்குள் பெரும்பாலானவை விழுந்துவிடும். ஊரில் இதற்கு இருந்த கைமருந்துகள் பல. வாகடம் படித்தவர்கள் மூலிகை அரைத்து ஊட்டினார்கள், புகை போட்டார்கள், இரும்பைக் காய்ச்சிச் சூடு வைத்தார்கள். நேர்த்திக்கடனும் உண்டு. இவற்றுள் உண்மையில் பயன்பட்டது ஒன்றுதான்: நோய்ப்பட்ட பட்டியைப் பிரித்து, மற்ற மாடுகளைத் தூரத்துக்கு ஓட்டிவிடுவது. விஞ்ஞானமும் நெடுங்காலம் இதைத் தாண்டிப் போகவில்லை.

இந்த நோயின் கணக்கு உலகம் முழுதும் இரத்தக் கணக்கு. 1880களின் கடைசியில், இத்தாலியப் படைக்காகக் கொண்டுவந்த மாடுகளோடு எரித்திரியாவில் அது இறங்கி, சில ஆண்டுகளில் ஆபிரிக்காவின் தெற்கு முனைவரை போனது. உழவுமாடு இழந்த எத்தியோப்பியாவில் பஞ்சத்தால் மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில் தங்கிச் சென்றன. அங்கேயும் நோய் பிடித்தது. அந்த அதிர்ச்சியின் விளைவாகத்தான் 1924இல் பாரிஸில் கால்நடை நோய்களுக்கான உலக அலுவலகம் அமைந்தது.

மருந்தும் வெப்பமும்

1920களின் பிற்பகுதியில், இமயமலைச் சாரலின் முக்தேஸ்வர் ஆய்வுகூடத்தில் ஜே.டி. எட்வர்ட்ஸ் வெக்கை வைரசை ஆடு விட்டு ஆடாக மாற்றி மாற்றி வளர்த்து, மாட்டைக் கொல்லாத அளவுக்கு அதன் வீரியத்தைக் குறைத்தார். ஆட்டின் திசுவில் செய்த அந்த மருந்து இந்தியத் துணைக்கண்டத்தில் கோடிக்கணக்கான மாடுகளைக் காத்தது. அடுத்த பெரிய அடியை 1960 வாக்கில் கென்யாவின் முகுகாவில் வோல்ட்டர் ப்ளோரைட் எடுத்துவைத்தார். கன்றின் சிறுநீரக உயிரணுக்களைக் கண்ணாடிக்குள் வளர்த்து, அவற்றில் வைரசைப் பழக்கிச் செய்த தடுப்பூசி அவருடையது. எந்த இன மாட்டுக்கும் தீங்கில்லாதது, ஒரே ஊசியில் நெடுங்காலம் காப்பது, மலிவாகச் செய்யக்கூடியது. 1999இல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது இதற்காகவே.

அந்த நல்ல மருந்துக்கும் ஒரு பலவீனம் இருந்தது: வெப்பம். உறைய வைத்து உலர்த்திய தூள் குளிரில் இருக்கும்வரை சரி. நீர் விட்டுக் கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். முடியாவிட்டால் மிச்சத்தை மண்ணில் ஊற்ற வேண்டியதுதான். வெக்கை இருந்ததோ, வெயில் கொளுத்துகிற, மின்சாரமும் பாதையும் இல்லாத இடங்களில்.

நான் கையாண்டவை வேறு மருந்துகள், தொல்லை அதுவேதான். மாட்டுக்குத் தொண்டை அடைப்பான், கால்வாய் நோய், கோழிக்கு நியூகாசில். தொண்டை அடைப்பானைப் பற்றி உலகமே படிக்கும் நூலை எழுதியவர் நம் நாட்டு எம்.சி.எல். டி அல்விஸ். கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்தில் அவர் செய்த ஆய்வின் பயனை நான் போத்தலாகக் கையில் வாங்கி, களப்போரத்துப் பட்டிகளுக்கு எடுத்துப் போயிருக்கிறேன்.

மழைக்கு முன்பே அந்த ஊசி போட்டாக வேண்டும். உச்சிமுனைப் பக்கத்துத் திட்டுகளுக்குப் போட்டில்தான் போக முடியும். விடியற்காலையில் துறைக்குப் போய், மீன்காரர்களிடம் ஐஸ் உடைத்து வாங்கி ரிஜிபோம் பெட்டியில் கொட்டுவோம். போத்தலை நேரே ஐஸில் வைக்கக் கூடாது. உயிருள்ள கிருமியில் செய்த கோழி மருந்து சூடுபட்டால் சாகும்; கொன்ற கிருமியில் செய்த மாட்டு மருந்து உறைந்தால் பிரிந்து வீணாகும். இரண்டும் ஒரே பெட்டியில் போகும். கோழி மருந்து ஐஸை ஒட்டி அடியில். மாட்டு மருந்து பழைய பேப்பரில் சுற்றிச் சோற்றுப் பெட்டியில் வைத்து, மேலே. 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்று போத்தலில் அச்சடித்திருக்கும். உப்புக்காற்றும் அலையும் அடிக்க, மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்கு இல்லை.

போய்ச் சேர்ந்தால் மாடுகள் கட்டில் நிற்காது. பாதி கண்டல் காட்டுக்குள் மேயும். இளைஞர்கள் கயிற்றோடு ஓடி நாம்பன்களைப் பிடிப்பார்கள். சினைமாட்டுக்காரர்தான் எப்போதும் தயங்குவார். "மிஸ், வயித்துல கன்டு இருக்கு. ஊசி போட்டு கன்டு உழுந்துட்டா யாரு பொறுப்பு?" என்று கேட்டவருக்கு நியாயம் இருக்கிறது. அந்தக் கன்றுதான் அந்த வீட்டின் அடுத்த வருடப் பால். பேசிப் பேசி மனம் மாற்றி, அவர் கயிற்றைப் பிடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும், ஐஸ் பாதி தண்ணீராகியிருக்கும். பிடிபடாத மாடுகள் ஊசியில்லாமலே நின்றுவிடும். அடுத்த தொற்று நுழைவது அந்த மாடுகள் வழியாகத்தான்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்தன. மாடும் வயலும் விட்டுவிட்டு வந்தவர்கள். ஓலைக் குடிசையோடு ஒட்டி முதலில் வளர்த்தது நாலைந்து கோழிகளைத்தான். நியூகாசில் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். ஒரு போத்தல் மருந்தோ நூறு கோழிக்கு மேல் காணும். கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வீடு வீடாக ஓடினாலும் அத்தனை கோழியை அதற்குள் பிடிக்க முடியாது. பெரிய பண்ணைக்காக அளக்கப்பட்ட மருந்து அது. ஆறு கோழி வைத்திருந்த தாய்க்கு உதவும் அளவில் எவரும் அதைச் செய்யவில்லை.

இலைக்குள் ஒரு புரதம்

செடியையே தடுப்புமருந்துச் சாலையாக்கலாம் என்ற யோசனை இந்த மாதிரி இடங்களை நினைத்துத்தான் எழுந்தது. அமெரிக்கரான சார்ள்ஸ் ஆர்ன்ட்சன் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு ஊசியும் குளிர்ப்பெட்டியும் இல்லாமல் மருந்து சேர வழி தேடினார். 1992இல் அவருடைய குழு மஞ்சட்காமாலை பி வைரசின் மேலுறைப் புரதத்தைப் புகையிலைச் செடியில் உண்டாக்கிக் காட்டியது. மூன்று ஆண்டில் உருளைக்கிழங்கும் அந்த வரிசையில் சேர்ந்தது.

வேலை நடக்கும் விதம் இது. வைரஸ் முழுவதையும் செடிக்குள் வைப்பதில்லை. அது உயிரணுவைப் பற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் மேற்புரதம் ஒன்றுக்குரிய மரபணுவை மட்டும் எடுப்பார்கள். வெக்கையில் அது எச் எனப்படும் புரதம். மண்ணில் வாழ்ந்து செடிகளில் கழலை உண்டாக்கும் அக்ரோபக்டீரியம் என்ற நுண்ணுயிர், தன் மரபணுத் துண்டொன்றைச் செடிக்குள் செருகிவிடும் இயல்புடையது. அந்தத் துண்டின் இடத்தில் வைரசின் மரபணுவை வைத்து அனுப்புகிறார்கள். மாற்றமடைந்த திசுவிலிருந்து முழுச்செடியை வளர்த்தெடுத்தால், அதன் ஒவ்வோர் இலையும் அந்தப் புரதத்தைத் தானே செய்யும். தனியாக நிற்கும் அந்தப் புரதத்தால் எவருக்கும் நோய் தர முடியாது. அடுத்த முறை முழு வைரஸ் வரும்போது அதை அடையாளம் காண மட்டும் உடலுக்குக் கற்றுத்தரும்.

பெங்களூர்க் குழு முதலில் புகையிலையிலும், பிறகு துவரையிலும் கச்சானிலும் எச் புரதத்தை விளைவித்தது. கச்சானைத் தேர்ந்ததில் உழவர் அறிவு இருக்கிறது. கச்சான் பிடுங்கிய பிறகு கொடியை யாரும் எறிவதில்லை. காயை ஆய்ந்துவிட்டுக் கொடியைக் கட்டாகக் கட்டி மாட்டுக்குப் போடுவது தமிழ்நாட்டிலும் இங்கும் வழக்கம். புரதச் சத்துள்ள அந்தத் தீனியை மாடு விரும்பித் தின்னும். மருந்து என்று தனியாக எதையும் புகட்ட வேண்டியதில்லை.

2003ஆம் ஆண்டின் அந்தச் சோதனையில், கச்சான் இலை தின்ற மாடுகளின் இரத்தத்தில் எச் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் தோன்றின. கூடுதல் ஊக்கிப் பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை. அந்த இரத்தநீர் ஆய்வுகூடக் கண்ணாடிக்குள் வெக்கை வைரசை முடக்கவும் செய்தது. என்னைப் போன்றோர் இதன் கனத்தை உடனே உணர்வோம். மாட்டின் வயிறு நான்கு அறை கொண்டது. முதலறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருந்து தீனியின் புரதத்தைச் சிதைத்துவிடும். அதைத் தாண்டி ஒரு புரதம் தன் உருவத்தோடு குடலுக்குப் போய் நோயெதிர்ப்பைத் தட்டியெழுப்பியது என்றால், இலையின் உயிரணுச் சுவர் அதற்குக் கவசமாக நின்றிருக்க வேண்டும்.

கஷ்டங்களும் அங்கேதான். ஓர் இலையில் உள்ள புரதம் மற்றோர் இலையில் அதே அளவு இருக்காது. ஒரு மாடு நிறையத் தின்னும். பக்கத்து மாடு முகர்ந்துவிட்டுப் போகும். குறைவாகப் போனால் எதிர்ப்பு வராது. தினமும் போனால் உடல் அதைச் சாதாரணத் தீனி என்று பழகிக்கொண்டு, எதிர்க்காமலே விட்டுவிடவும் கூடும். ஊசியில் அளவு திட்டமானது. தீவனத்தில் அளவை உறுதிசெய்வது இன்றைக்கும் தீராத கேள்வி.

நோய் முந்திப் போனது

கச்சான் இலை தயாரானபோது, அது எதிர்க்க வேண்டிய நோய் கிட்டத்தட்ட முடிந்துபோயிருந்தது. இலங்கையில் கடைசியாக 1994. இந்தியாவில் கடைசியாக 1995இல், தமிழ்நாட்டில். உலகின் கடைசி வெக்கை 2001இல் கென்யாவின் காட்டெருமைகளில் காணப்பட்டது. 2006இல் இந்தியா தொற்றற்ற நாடென அறிவிக்கப்பட்டது. 2011 ஜூனில் உலக உணவு விவசாய நிறுவனம், வெக்கை பூமியில் ஒழிந்தது என்று அறிவித்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இது. விலங்கு நோய்களில் முதலாவது. 2019இல் பிரிட்டனின் பேர்பிரைட் நிறுவனம் தன்னிடமிருந்த வைரஸ் இருப்பையும் அழித்துவிட்டது.

அந்த வெற்றிக்குள்ளும் வெப்பத்தின் கதை இருக்கிறது. 1990 வாக்கில் ஜெஃப்ரி மரினர் என்பவர், ப்ளோரைட்டின் மருந்தை உலர்த்தும் முறையை மாற்றி, குளிர்ப்பெட்டி இல்லாமலே பல நாட்கள் தாக்குப்பிடிக்கும்படி செய்தார். அதன் பிறகு ஆபிரிக்காவின் யுத்த பூமிகளுக்குள், அரச வண்டி போக முடியாத இடங்களில், மேய்ப்பர்களிலிருந்தே பயிற்றப்பட்டவர்கள் மருந்தை நடந்தே சுமந்து போய்த் தம் மாடுகளுக்குப் போட்டார்கள். பத்தாண்டுகளாக எட்டாதிருந்த மூலைகள் அப்படித்தான் எட்டப்பட்டன. ஐஸ் என்ற தளை அறுந்ததும் மருந்து கடைசி மாடுவரை போனது. கச்சான் இலைக்காரர்கள் தேடியதும் அதே விடுதலையைத்தான். அவர்களுக்கு முன் இன்னொரு வழி முந்திக்கொண்டது. பெங்களூரில் வேலை நிற்கவில்லை. ஆட்டுக்கொல்லி வைரசின் புரதத்தைக் கச்சானில் விளைவித்துச் செம்மறிகளுக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலும் எதிர்ப்பு உண்டானது. 1987இல் அரசூரில் தொடங்கிய கதை இப்படி மறுபடியும் ஆட்டிடம் திரும்பியது.

திறந்த வயலில் நடந்தது

வேறு நாடுகளிலும் இதே காலத்தில் முயற்சிகள் நடந்தன. ஆர்ஜென்டீனாவில் கால்வாய் நோய் வைரசின் புரதத்தைக் குதிரைமசால் தீவனப் பயிரில் விளைவித்து, 1990களின் கடைசியில் எலிகளில் பாதுகாப்பைக் காட்டினார்கள். அமெரிக்காவில் புரோடிஜீன் என்ற நிறுவனம் பன்றிகளின் குடல்நோய்க்கான தடுப்புமருந்தைச் சோளத்தில் விளைவிக்க முயன்றது. அந்தச் சோளம் திறந்த வயலில் பயிரிடப்பட்டது.

2002இல் நெப்ராஸ்கா மாநிலத்தில், முந்திய பருவத்தில் அந்தச் சோளம் நின்ற வயலில் சோயா போட்டார்கள். மண்ணில் சிந்திக் கிடந்த சோள விதை தானாக முளைத்துச் சோயாவோடு வளர்ந்தது. அறுவடையில் அதுவும் கலந்து களஞ்சியத்துக்குப் போனது. 5 இலட்சம் புஷல், ஏறத்தாழ 13,600 தொன் சோயா மனிதர் வாய்க்குப் போகாதபடி தடுத்து அழிக்கப்பட்டது. நிறுவனத்துக்கு 2,50,000 டொலர் அபராதம். துப்புரவுச் செலவாக 30 இலட்சம் டொலர் அளவில் அதற்கு மேலும். அயோவாவில் 155 ஏக்கர் சோளம் எரிக்கப்பட்டது. ஒருவர் வயிற்றுக்கும் தீங்கு வந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் உணவுப் பயிரையும் மருந்துப் பயிரையும் ஒரே வெளியில் நட்டால் வேலி போதாது என்பது அன்றோடு நிலைநாட்டப்பட்டது.

அதன்பின் வெற்றி கண்டவர்கள் எல்லோரும் வயலை விட்டுக் கூரைக்குக் கீழே போனவர்கள். 2006 ஜனவரியில் டவ் அக்ரோசயன்சஸ் நிறுவனத்தின் நியூகாசில் கோழி மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்தது. செடிவழி வந்த தடுப்புமருந்து ஒன்று உலகில் அனுமதி பெற்றது அதுவே முதல் தடவை. புகையிலையின் உயிரணுக்களை மூடிய கலத்துக்குள் வளர்த்து எடுத்த மருந்து அது. நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவராமலே விட்டது. 2019இல் தென்கொரியாவில், மூடிய கூடத்தில் வளர்த்த புகையிலை இனச் செடியிலிருந்து எடுத்த பன்றிக் காய்ச்சல் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. இவை இரண்டும் சுத்திகரித்துப் போத்தலில் அடைத்து ஊசியில் போடுபவை. மாடு தின்று நோயெதிர்ப்புப் பெறும் கச்சான் கொடி இன்னும் எந்தப் பட்டிக்கும் வந்து சேரவில்லை.

எங்கள் மணலில் என்ன செய்யலாம்

கற்பிட்டியின் மணலைத் தெரிந்தவர்களுக்கு நெப்ராஸ்காவின் பாடம் எளிதில் புரியும். இங்கே கச்சான் பிடுங்கும்போது எவ்வளவு கவனமாகக் கையால் துழாவினாலும், காம்பறுந்த காய்கள் மணலுக்குள் தங்கிவிடும். அடுத்த மழையில், வெங்காயப் பாத்தியின் நடுவே, மிளகாய்க் கன்றின் அடியில், நாலிலைக் கச்சான் தலைநீட்டும். அதைப் பிள்ளைகள் பிடுங்காமல் விட்டுவைத்துக் காய் பறித்துத் தின்பார்கள். கச்சான் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். காற்றில் போய் அயல் தோட்டத்தைக் கலக்கும் பயிர் அல்ல. மண்ணில் தங்கும் காய்தான் ஆபத்து. மாட்டு மருந்து விளையும் கச்சானை இந்தத் தோட்டங்களில் நட்டால், அது ஒரு நாள் யாரோ ஒரு பிள்ளையின் வாய்க்குப் போயே தீரும். உப்புநீருக்கு மேலே மிதக்கும் நன்னீர்ப் படலத்தை நம்பி, கிணற்றடியில் உரம் கொட்டி விவசாயம் செய்து, அந்த உரம் நைத்திரேற்றாகக் குடிநீரில் திரும்பிவந்ததை ஏற்கெனவே அனுபவிக்கும் மண் இது. இந்த மணலில் போட்டது எதுவும் போட்ட இடத்தில் நிற்பதில்லை.

ஆகவே திறந்த தோட்டத்தில் மருந்துப் பயிர் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மரபணு மாற்றிய பயிர் எதுவும் இலங்கையில் வணிகத்துக்குப் பயிரிடப்படவில்லை. 2004இல் உயிர்ப் பாதுகாப்புக்கான கார்ட்டஹேனா உடன்படிக்கையில் சேர்ந்தோம். 2006இல் மரபணு மாற்றிய உணவின் இறக்குமதிக்கும் அடையாளச் சீட்டுக்கும் ஒழுங்குவிதி செய்தோம். இந்தியாவும் 2010இல் மரபணுக் கத்தரியை நிறுத்திவைத்தது. இந்த எச்சரிக்கைகள் தேவையானவை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் வேண்டாம் என்பதற்காக ஆய்வையே வேண்டாம் என்று தள்ளுகிறவர்கள், கடைசி மாடுவரை மருந்து போகாத நிலைமையை அப்படியே ஏற்கச் சொல்கிறார்கள். ஏற்க என்னால் முடியாது. ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிப்பது என்று 2015இல் உலக நாடுகள் கூடித் திட்டம் வகுத்தன. அந்த நோயின் கடைசிக் கோட்டைகளும் வெக்கையுடையவை போலவே வெயிலும் யுத்தமும் இடப்பெயர்வும் உள்ள இடங்களாகத்தான் இருக்கும். 2020இல் மாட்டுத் தோல் கழலை நோய் இலங்கைக்குள் புதிதாக நுழைந்ததும் வடக்கில்தான். கடல் கடந்து வரும் நோய் முதலில் தொடுவது எங்களைப் போன்ற கரையோரப் பட்டிகளை.

செய்யக்கூடியது தெளிவு. பூட்டிய கண்ணாடி வீட்டுக்குள், கன்னொறுவை போன்ற பொது நிறுவனத்தின் பொறுப்பில், மருந்துச் செடியை வளர்க்கலாம். இலையை உலர்த்தித் தூளாக்கி, ஒவ்வொரு தொகுதியிலும் புரதத்தை அளந்து, கணக்கான பொட்டலமாகக் கட்டலாம். விதை ஒன்றும் வெளியே வரக் கூடாது. அரைத்த தூள் முளைக்காது. கோழி மருந்தை ஆறு கோழிக்கு ஒரு பொட்டலமாகவும், மாட்டு மருந்தை ஒரு மாட்டுக்கு ஒரு பிடியாகவும் செய்யலாம். பெங்களூரில் இருபது ஆண்டுகளுக்கு முன் வெளியான அறிவு பொதுப்பணத்தில் பிறந்தது. அதைத் தொடர்ந்து நடத்துவதும் பொதுப்பணத்தின் கடமை. டவ் நிறுவனத்துக்குச் சந்தை தென்படாத மருந்துக்குத்தான் எங்கள் ஊரில் தேவை அதிகம். இலாபக் கணக்கு எட்டாத இடத்துக்கு அரசின் கை எட்ட வேண்டும்.

ஐஸ் இல்லாமல் தாங்கும் ஒரு மருந்துதான் வெக்கையை அதன் கடைசி மூலையிலிருந்து விரட்டியது. ஆட்டுக்கொல்லிக்கும் நியூகாசிலுக்கும் அதே அளவு கவனம் கொடுத்து, குளிர்ப்பெட்டி தேவைப்படாத மருந்தைச் செய்வது எங்கள் கால்நடைத் திணைக்களத்தின் அடுத்த பத்தாண்டு வேலைத்திட்டத்தில் எழுத்தில் இடம்பெற வேண்டும். உச்சிமுனை மாட்டுக்காரரும், எங்கள் குடாநாட்டின் ஆலங்குடாவில் ஆறு கோழி வளர்க்கும் தாயும் அதைக் கேட்கும் உரிமை உடையவர்கள்.